என் ஓரகத்தியின் புது எலும்பு

என் ஓரகத்தி எஸ்தர் நிமிர்ந்து நடக்கிறாள் என்று கேள்விப்பட்டுத்தான் நான் மும்பைக்குப் புறப்பட்டேன். அவள் என் கொழுந்தன் பெண்டாட்டி. என்னைவிட ஆறு வயது இளையவள். மூன்று வருஷத்துக்கு முன்னே குளியலறையில் வழுக்கி விழுந்து, முதுகெலும்பு ஒடிந்து, அவள் என்னைவிடக் கூனிப் போனாள் என்று செய்தி வந்தபோது நான் மெய்யாகவே அழுதேன். இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. போன கிறிஸ்துமஸுக்கு அவள் மருமகள் ஷீபா போனில் ஒரு படம் அனுப்பினாள். எஸ்தர் நீலப் பட்டு உடுத்திக்கொண்டு, கம்பு ஊன்றாமல், கம்பு மாதிரி நிற்கிறாள். அன்றைக்கும் எனக்குச் சோறு இறங்கவில்லை.

தினமும் ஒரு ஊசி போட்டுக்கொள்கிறாளாம். அந்த ஊசி எலும்பை வளர்க்கிறதாம். எங்கள் ஊர் டாக்டர் எனக்குச் சுண்ணாம்புச் சத்து மாத்திரையும், "வெயிலில் நில்லுங்கள்" என்ற புத்திமதியும்தான் தந்திருந்தார். சாத்தான்குளம் பக்கத்தில் வெயிலுக்குப் பஞ்சமா? வெயிலில் நின்று எலும்பு வளருமென்றால் நாங்கள் எல்லாரும் பனைமரம் உயரம் இருக்க வேண்டும். எனக்கு முதுகில் இரண்டு எலும்பு நசுங்கியிருக்கிறது. சேலை உடுத்தினால் முன்பக்கம் தரையைக் கூட்டுகிறது, பின்பக்கம் கணுக்கால் தெரிகிறது. கோயிலில் பாட்டுப் பாட எழுந்து நின்றாலும் நான் உட்கார்ந்திருக்கிறேன் என்று பின்னால் இருப்பவர்கள் நினைப்பார்கள். எனக்கும் அந்த ஊசி வேண்டும். மகனிடம், "எஸ்தர் சித்தியைப் பார்க்கணும் போல இருக்கு" என்று சொன்னேன். அதிலும் பொய் இல்லை.

ஊருக்கு வந்திருந்த பக்கத்து வீட்டுக்காரர்கள் மும்பையில் தாராவிக்குத் திரும்பும்போது அவர்களோடு போனேன். ரயிலில் இரண்டு நாளும் நான் அவர்களைத் தவிர யாரிடமும் பேசவில்லை. புது ஆட்களைக் கண்டால் எனக்கு வாய் வராது. சின்னதிலிருந்தே அப்படித்தான். அஞ்சாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுபோனதற்கு வீட்டு நிலைமை பாதிக் காரணம், வாத்தியார் கேள்வி கேட்பாரே என்ற பயம் மீதிக் காரணம்.

ஸ்டேஷனுக்கு எஸ்தரே வந்திருந்தாள். யாரையாவது அனுப்புவாள் என்று எதிர்பார்த்தேன். கூட்டத்துக்குள்ளே நேராக நடந்து வந்தவள் என் பையைப் பிடுங்கித் தோளில் மாட்டினாள்.

"என்னக்கா, இப்பிடிக் கூனிட்டிய!"

"வயசாவுதுலா எஸ்தரு."

"எனக்கு மட்டும் ஆவலையா?"

அதுதானே எனக்கும் புரியவில்லை. அவள் முன்னால் நடந்தாள், நான் அவள் முதுகைப் பார்த்துக்கொண்டே பின்னால் நடந்தேன். மும்பையில் நான் முதலில் பார்த்த காட்சி அந்த முதுகுதான். வீடு திலக் நகரில் ஒரு கட்டிடத்தின் மூன்றாம் மாடி. லிப்டுக்குள்ளே ஒரு கண்ணாடி. அதில் எஸ்தரின் முகம் தெரிந்தது. என் பக்கம் பார்த்தால் என் கொண்டை மட்டும் தெரிந்தது.

கொழுந்தன் வீட்டில் இல்லை. தாராவியில் அவர்களுக்குப் பாத்திரக் கடை இருக்கிறது. காலை ஏழு மணிக்குப் போனால் இருட்டித்தான் வருவார். மழையென்றாலும் காய்ச்சலென்றாலும் கடையைத் திறந்துவிடுவார் என்று ஊரில் பெருமையாகச் சொல்வார்கள்.

எஸ்தர் எனக்கு முதலில் காட்டியது பிரிட்ஜைத்தான். கதவு அடுக்கில், தோசை மாவுக்குப் பக்கத்தில், சின்ன எவர்சில்வர் டப்பா. அதற்குள்ளே பேனா மாதிரி ஒன்று. பேனாவுக்குள்ளே ஒரு மாத மருந்து. காலையில் குடும்ப ஜெபம் முடிந்ததும் முனையில் ஒரு குட்டி ஊசியை மாட்டி, தொடையில் குத்தி, ஐந்து எண்ணி எடுத்துவிடுவாள். ஆமென் சொன்ன வாயோடு ஊசி போட்டுக்கொள்வது அந்த வீட்டு வழக்கம்.

ஷீபா வாஷியைத் தாண்டி ஒரு மருந்துத் தொழிற்சாலையில் வேலை பார்க்கிறாள். மும்பையிலேயே பிறந்த பெண். அவள் பேசும் தமிழுக்குள் இந்தி வந்து வந்து போகும்.

"நம்ம உடம்புலயே எலும்பைப் பாத்துக்கிற ஒரு சத்து ஊறுது பெரிய மாமி. அதை எப்படிச் செய்யணுங்கிற செய்தியை ஒரு சின்னக் கிருமிக்குள்ள வச்சிருவாங்க. அப்புறம் பெரிய டேங்க்ல விட்டு அதுக்குத் தீனி போடுவாங்க. அது பெருகிப் பெருகி அந்தச் சத்தைச் செஞ்சு குடுக்கும். பிரிச்சு எடுத்துச் சுத்தம் பண்ணா, மருந்து."

"தோசை மாவு பொங்குத மாதிரியா?"

"ஏக்தம்! அதேதான்!" என்று கைதட்டினாள். எனக்கு வெட்கமாகிவிட்டது. ஆனாலும் மனசுக்குள் ஒரு கணக்குப் போட்டேன். நாற்பது வருஷம் மாவரைத்தவள் நான். கிருமியின் கைவேலை போய்ச் சேர்ந்தது எஸ்தருக்கு.

மறுநாள் ஞாயிறு. தாராவிக் கோயிலுக்குப் போனோம். சந்துக்குள் சந்து. தலைக்கு மேலே ஒயர்களும் காயப்போட்ட துணிகளும். ஆனால் காதில் விழுவதெல்லாம் எங்கள் ஊர்ப் பேச்சு. கோயில் முடிந்து வெளியே வந்தால், எஸ்தரைச் சுற்றிப் பத்துப் பெண்கள். போதகரைச் சுற்றிக்கூட அத்தனை பேர் இல்லை.

"எட்டி எஸ்தரு, கல்யாணப் பொண்ணு மாதிரிலா நிக்க!"

"திரும்பு பாப்போம். ஆத்தாடி, முதுகு பலகை மாதிரி இருக்கு!"

எஸ்தரும் திரும்பித் திரும்பிக் காட்டினாள். என்னை அவர்களுக்கு அறிமுகப்படுத்தினாள். எல்லாரும் குனிந்து என் முகத்தைப் பார்த்து ஸ்தோத்திரம் சொன்னார்கள். பொறாமைக்காரிக்கு எலும்பு உருகும் என்று எங்கள் பக்கம் சொல்வார்கள். எனக்கு எது முதலில் வந்ததோ தெரியவில்லை.

கோயிலுக்குப் பக்கத்திலேயே குடியிருக்கும் மேரி என்பவள் வீட்டில் மத்தியானச் சாப்பாடு. பத்துக்குப் பத்து அறையில் பதினோரு பேர் உட்கார்ந்து ஆட்டுக்கறிக் குழம்பு சாப்பிட்டோம். எங்கள் ஊரில் பெரிய வீட்டைக் கட்டிப் போட்டு இரண்டு பேர் சாப்பிடுகிறோம். குழம்பு நன்றாக இருந்தது, தேங்காய் மட்டும் கொஞ்சம் குறைச்சல். பேச்சு மறுபடி ஊசிக்கே போனது. மேரி சொன்னாள்:

"எங்க அம்மைக்கும் கேட்டோம். தரமாட்டேனுட்டாவ. அம்மைக்கு முன்ன புத்துக்குக் கரண்டு வச்சிருக்குலா? கரண்டு பட்ட ஒடம்புக்கு இந்த ஊசி கூடவே கூடாதாம். எலும்பை வளக்குத மருந்து, வேண்டாததையும் சேத்து வளத்துட்டுன்னா என்ன செய்ய?"

எனக்குக் கையில் எடுத்த சோறு கையிலேயே நின்றது.

எனக்கும் கரண்டு வைத்திருக்கிறது. பதினோரு வருஷத்துக்கு முன்னே, இடது மார்பில் புற்றுக் கட்டி. நாகர்கோவிலில் ஆபரேஷன் செய்து, அப்புறம் கரண்டு, டாக்டர்கள் பேச்சில் கதிர்வீச்சு, வைத்தார்கள். என் வீட்டுக்காரருக்கும் மகனுக்கும் தவிர யாருக்கும் தெரியாது. மும்பையிலிருந்து போன் வந்தால் நான் வெளியூர் போயிருக்கிறேன் என்று சொல்லச் சொல்லிவிட்டேன். மார்பு என்ற சொல்லைக் கொழுந்தன் காதில் விழும்படி எப்படிச் சொல்வேன்? இப்போது என் வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்து நாலு வருஷம். மகன் ஊரில். மும்பையில் என் உடம்பைப் பற்றித் தெரிந்த ஆள் நான் ஒருத்திதான்.

சொல்லாவிட்டால் ஊசி கிடைக்கும். அன்று மீதிப் பகல் முழுக்க இதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

திங்கட்கிழமை எலும்பைப் படம் எடுக்க மாட்டுங்காவுக்குக் கிளம்பினோம். பெண்கள் பெட்டியில் ஏறியதும் ஒருத்தி என்னிடம் இந்தியில் ஏதோ கேட்டாள். நான் விழித்தேன். எஸ்தர் பதில் சொன்னாள்.

"எங்க எறங்குவியன்னு கேக்கா. நீங்க எந்திரிச்சதும் அந்த எடம் அவளுக்காம்."

எங்கள் ஊரில் துண்டு போட்டு இடம் பிடிப்பார்கள். இங்கே வாயாலேயே துண்டு போடுகிறார்கள். குர்லாவில் இறங்கி வேறு ரயில் மாறினோம். அங்கேதான் வினை. மாட்டுங்கா வந்ததும் எஸ்தர் புதுமுதுகோடு சட்டென்று இறங்கிவிட்டாள். எனக்கு முன்னே நின்றவர்களின் இடுப்புகள்தான் எனக்குத் தெரிந்தன. "வழி விடுங்கள்" என்று சொல்ல இந்தியும் வரவில்லை, தமிழும் வரவில்லை. ரயில் என்னைத் தாதருக்குக் கொண்டுபோனது.

பூக்கூடை வைத்திருந்த ஒரு மராத்திக்காரிதான் கவனித்தாள். "ஆஜி இறங்கணும், நகருங்கடி! கிழவி கீழே இருக்கிறாள், உங்கள் கண்ணெல்லாம் மேலேயே இருக்கிறதே!" என்று கத்தியிருக்க வேண்டும். எனக்கு ஆஜி, அதாவது பாட்டி, என்பது மட்டும் புரிந்தது. கைப்பிடியாக இறக்கிவிட்டு, பிளாட்பாரத்தில் உட்கார வைத்து, ஷீபா நம்பர் எழுதி என் கையில் தந்திருந்த சீட்டைப் பார்த்து அவளுக்குப் போன் போட்டாள். எஸ்தர் அடுத்த ரயிலில் ஓடி வந்தாள். ஓடியே வந்தாள். அறுபத்தைந்து வயதில் படி ஏறி ஓடி வருகிறவளைப் பார்த்து, நன்றி வருவதற்கு முன்னே எனக்கு வேறொன்று வந்தது. ஆண்டவர் மன்னிப்பாராக.

படம் எடுப்பதில் ஒன்றுமில்லை. சட்டையைக்கூடக் கழற்றச் சொல்லவில்லை. மேஜையில் படுத்தேன், ஒரு கை போன்ற இயந்திரம் மேலே மெதுவாகப் போய் வந்தது. முடிந்ததும் எஸ்தர் இட்லி வாங்கித் தந்தாள். மாட்டுங்கா இட்லி பஞ்சு மாதிரி இருக்கிறது, காப்பி எங்கள் ஊர் டவுனில் கிடைப்பதைவிட நன்றாகவே இருக்கிறது. எஸ்தரிடம் "காப்பி கசக்கு" என்று சொன்னேன்.

செவ்வாய்க்கிழமை செம்பூரில் டாக்டரைப் பார்த்தோம். பெண் டாக்டர், மராத்திக்காரி, சின்ன வயசு. ஷீபா லீவு போட்டு வந்து அவர் பேசியதைத் தமிழில் சொன்னாள். எலும்புக்குள்ளே இடிக்கிற கொத்தனார், கட்டுகிற கொத்தனார் என்று இரண்டு வகை ஆட்கள் உண்டாம். வயசாக வயசாக இடிக்கிறவன் மட்டும் ஒழுங்காக வேலைக்கு வருவானாம். சில மருந்துகள் இடிக்கிறவனை உட்கார வைக்கும். இந்த ஊசி கட்டுகிறவனை எழுப்பிவிடும். என் படத்தைப் பார்த்துவிட்டு, கட்டுகிறவன் உடனே வேண்டும் என்றார். எனக்குள் மேளம் அடித்தது.

அப்புறம் எழுதுகிற பேனாவை எடுத்துக்கொண்டு கேள்வி கேட்டார். சிறுநீரகக் கல்? இல்லை. வேறு எலும்பு வியாதி? இல்லை. புற்றுநோய், கரண்டு வைத்தது?

நான் வாயைத் திறப்பதற்குள் எஸ்தர் முந்திக்கொண்டாள். "சே சே! எங்க அக்கா ஒரு தலவலின்னுகூடப் படுத்தது கெடையாது" என்று தமிழில் சொல்லி, அதையே இந்தியிலும் சொன்னாள்.

டாக்டர் அவளை விட்டுவிட்டு என்னைப் பார்த்து, அவர்கள் பேச்சில் சித்தி என்று கூப்பிட்டார். "மாவ்ஷி, நீங்கள் சொல்லுங்கள்."

நான் தலையை ஆட்டினேன். இல்லை என்று.

இரத்தச் சோதனையும் முடிந்து, புதன்கிழமை சாயங்காலம் மருந்து வந்தது. எஸ்தரின் டப்பாவுக்குப் பக்கத்தில் இன்னொரு டப்பா. அதில் ஷீபா என் பெயரைத் தமிழில் எழுதி ஒட்டினாள். பாக்கியத்தாய் என்பதில் ஒரு எழுத்து விட்டுப் போயிருந்தது, நான் சொல்லவில்லை. தண்ணீர் குடிக்கப் போகும்போதெல்லாம் பிரிட்ஜைத் திறந்து பார்த்தேன். ஒன்றரை வருஷம் கழித்து எங்கள் ஊர்க் கோயிலில் நான் எழுந்து நிற்பதை நினைத்துப் பார்த்தேன். அதோடு இடது மார்பிலே பழைய தழும்பு அரித்தது. அது உண்மையா, பயமா, தெரியாது.

வியாழக்கிழமை காலை. கொழுந்தன் கடைக்குப் போய்விட்டார். எஸ்தரும் ஷீபாவும் நானும் முழங்காலில் நின்றோம். நான் பாதி நின்றேன், பாதி கட்டிலில் சாய்ந்தேன். எஸ்தர் ஜெபம் பண்ணினாள். மழைக்காக, கடைக்காக, பேரப்பிள்ளைகளின் பரீட்சைக்காக. அப்புறம் எனக்காக.

"ஆண்டவரே, எனக்குத் தந்த எலும்பை எங்க அக்காவுக்கும் தாரும். நான் கலியாணமாகி வந்தப்ப எனக்கு இடுப்பு நோவுன்னு தண்ணிக் கொடத்தத் தூக்க விடாதவ அவ. அவ கூனி நடக்கதப் பாக்க எனக்குப் பொறுக்கல சாமி."

ஆமென் சொன்னோம். எஸ்தர் என் பேனாவை எடுத்து ஊசியை மாட்டினாள்.

"தொடையாக்கா, வயிறா? தொடைன்னா எறும்பு கடிச்ச மாதிரிதான்."

நான் அவளுக்காக ஒருநாளும் அப்படி ஜெபித்ததில்லை. முதுகு ஒடிந்தபோது அழுதேன், அது வேறு. அவள் நிமிரட்டும் என்று நான் முழங்காலில் நின்றதில்லை. மும்பை அவளுக்கு, லிப்ட் வைத்த வீடு அவளுக்கு, முதுகு அவளுக்கு. இப்போது நல்ல மனசிலும் என்னை முந்திவிட்டாளே என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்த எரிச்சலில்தான் வாய் திறந்தது.

"போடாத எஸ்தரு. எனக்குக் கரண்டு வச்சிருக்கு."

"எங்க?"

நான் கையை மார்பில் வைத்துக் காட்டினேன். அதற்குமேல் சொல்ல எனக்கு வார்த்தை இல்லை.

ஷீபா ஒரே எட்டில் வந்து பேனாவை வாங்கிக்கொண்டாள். எஸ்தர் அப்படியே தரையில் உட்கார்ந்தாள். பேசத் தொடங்கியதும் நிறுத்தவில்லை.

"பதினோரு வருசம்! நான் என்ன ஊராளா, வேத்தாளா? டாக்டரம்மாகிட்ட நாந்தான முந்திக்கிட்டுச் சொன்னேன். குத்தி ஏதாச்சும் ஆயிருந்தா என் கையிலலா பழி? ஒங்களுக்குக் கல்லு மனசு, அக்கா. முதுகுதான் கூனியிருக்கு. மனசு கம்பி மாதிரி நிக்கி."

நான் தலை குனிந்திருந்தேன். எனக்கு அது ஒன்றும் சிரமமில்லை.

டாக்டரும் திட்டினார். ஷீபா அதைத் தமிழில் சொல்லவில்லை, "அவங்களுக்குக் கோவம்" என்று மட்டும் சொன்னாள். அது தெரிந்தது. நாகர்கோவில் காகிதங்களை மகன் போனில் அனுப்பினான். கட்டுகிறவன் எனக்கு இல்லை என்று முடிவாயிற்று. இடிக்கிறவனை உட்கார வைக்கலாம். வருஷத்துக்கு ஒரு தடவை, பாட்டில் ஏற்றுகிற மருந்து. இருக்கிற எலும்பு கரையாது, நசுங்கினது நசுங்கினதுதான், நிமிர முடியாது. என் பெயர் ஒட்டிய டப்பாவில் இருந்த பேனா எஸ்தருக்கு அடுத்த மாதத்துக்கு ஆகும் என்றார்கள். ஷீபா என் பெயரைக் கிழித்து எடுத்தாள். எனக்கு வந்ததும் அவளுக்கே போயிற்று.

இந்த மருந்துக்குப் பல் நன்றாக இருக்க வேண்டுமென்று பல்லைப் பார்த்து, இன்னொரு சோதனையும் எடுத்து, திங்கட்கிழமை பாட்டில் ஏற்றினார்கள். செம்பூரிலேயே, டாக்டரின் மாடியில் ஒரு சின்ன அறை. ஜன்னலுக்கு வெளியே யாரோ தேங்காய் துருவுகிற சத்தம். எஸ்தர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு கட்டிலருகில் உட்கார்ந்தாள். நாலு நாளாக அவள் என்னிடம் சாப்பிட வாங்க, குளிக்கப் போங்க என்பதைத் தவிர ஒன்றும் பேசவில்லை. மருந்து சொட்டத் தொடங்கியதும்தான் கேட்டாள்.

"கரண்டு வைக்க எத்தன நாளு போனிய?"

"அஞ்சு வாரம். சனி, ஞாயிறு கெடையாது."

"நாகர்கோவிலுக்கா? தெனமுமா?"

"பஸ்ல போயிட்டுப் பஸ்லயே வருவோம்."

"வருவோம்னா? கூட ஆரு வந்தா?"

"ஒங்க அத்தான்தான்."

"தெனமுமா?"

"தெனமும்."

எஸ்தர் பாட்டிலைப் பார்த்தாள். அப்புறம் தன் சேலை முனையைப் பார்த்தாள்.

"எனக்கு முதுகு ஒடிஞ்சன்னைக்கி உங்க கொழுந்தன் என்ன ஆட்டோல ஏத்திவிட்டுட்டுக் கடை தொறக்கப் போயிட்டாவ. ஆஸ்பத்திரிக்கு ஒரு நாளு வந்தாவ, அதும் ஞாயித்துக்கெழம. இந்த ஊசி ஆரம்பிச்சு ஒன்றரை வருசமாவுது. ஊசி எந்தத் தொடையில போடுதேன்னு கேட்டா அவியளுக்குத் தெரியாது." சேலை முனையை விரலில் சுற்றினாள். "அத்தான் தோட்ட வேலையெல்லாம் விட்டுட்டா வந்தாவ?"

"விட்டுட்டுத்தான்."

"பஸ்ல ஒங்கள சன்னல் பக்கமா உக்கார வப்பாவளா?"

நான் படுத்தபடி அவள் முகத்தைப் பார்த்தேன். மும்பைக்கு வந்ததிலிருந்து அன்றுதான் அவள் முகத்தை நேருக்கு நேராகப் பார்க்க முடிந்தது. அவள் உட்கார்ந்திருந்தாள், நான் படுத்திருந்தேன். கண்ணோரத்தில் ஒரு சுருக்கம், உதட்டில் ஒரு இறுக்கம். அந்த முகம் எனக்கு நன்றாகத் தெரியும். நாற்பது வருஷமாக நான் வைத்துக்கொண்டிருக்கிற முகம் அது.

உண்மையில் ஜன்னல் பக்கம் அவர்தான் உட்காருவார். பஸ் கிளம்பினதும் வாயைத் திறந்துகொண்டு தூங்கிவிடுவார். இறங்க வேண்டிய இடத்தில் நான்தான் எழுப்ப வேண்டும்.

"ஆமா" என்றேன். "சன்னல் பக்கந்தான். எம் மேல வெயில் பட்டா பேப்பர விரிச்சு மறச்சுப் பிடிச்சுக்குவாவ. கை வலிக்கும்னு சொன்னாலும் கேக்கமாட்டாவ."

எஸ்தர் நாற்காலியை இன்னும் கிட்டே இழுத்தாள்.

"அப்புறம்?"

பாட்டிலில் இன்னும் பாதி மருந்து இருந்தது. நான் சொல்லிக்கொண்டே போனேன்.